ஒரு சென் மிச்சம். 600 பொட்டலம் நட்டம்

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். காலை ஏழரை மணிக்குக் கைப்பேசி அடித்தது. அழைத்தவர் கிள்ளானில் வீட்டின் பின்புறம் சிறிய சமையல்கூடம் வைத்து, ஆட்டிறைச்சி மசாலா பேஸ்ட் தயாரித்து விற்கும் ஓர் அக்கா. என் அம்மாவுக்குப் பழக்கமானவர். "எங்கள் பிலிமில் செய்த பையை வாங்குங்கள், வாசனை போகாது" என்று அவருக்குச் சொன்னவனே நான்தான். வழக்கமாக "சாப்பிட்டியா தம்பி?" என்று தொடங்குவார். அன்று அந்தக் கேள்வி வரவில்லை.

"தம்பி, பை ரெண்டு தோலா உரியுது. உள்தோல் தனியா, வெளித்தோல் தனியா. நடுவுல எண்ணெய் நிக்குது. கொஞ்சம் வந்து பாரு."

வேலைக்குப் போகும் வழியிலேயே போய்ப் பார்த்தேன். சமையல்கூடத் தரையில் தட்டுத் தட்டாகப் பொட்டலங்கள். பேஸ்டை பையில் நிரப்பி, காற்றை உறிஞ்சி, வாயை ஒட்டி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு எடுப்பது அவர் வழக்கம். ஒட்டிய வாய் எதிலும் பிரியவில்லை. ஆனால் அந்த ஒட்டுக்கு அருகிலேயே பிலிமின் உள்ளடுக்கு கழன்று, மெல்லிய தோலாகக் கிழிந்திருந்தது. தையல் நன்றாக இருக்க, துணியே இரண்டாகப் பிரிந்தது போல. கிழிசல் வழியே சிவப்பு எண்ணெய் கசிந்து வெளித்தோலுக்குள் தேங்கி நின்றது.

மொத்தம் 600 பொட்டலம். பண்டிகைக்கென்று முன்பணம் வாங்கிச் செய்தவை. ஒன்றைக்கூட விற்க முடியாது.

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா தம்பி? தண்ணி ரொம்ப சூடாயிடுச்சா?" என்று கேட்டார். தவறு அவருடையது இல்லை என்பது அந்தப் பையைக் கையில் எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. யாருடையது என்பதும் தெரிந்தது.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், பைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

ஒரு பை, ஏழு அடுக்கு

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நெகிழித் தாள் போலத் தெரியும். அந்த அக்கா பயன்படுத்திய பிலிமின் மொத்தத் தடிப்பு 100 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஏழு அடுக்கு இருந்தது.

ஏன் இத்தனை? எல்லா வேலையும் தெரிந்த நெகிழி என்று ஒன்று இல்லை. 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வேறொன்றைத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது பாலிஎத்திலின். மெழுகுவர்த்தியின் மெழுகும் அதுவும் ஒரே குடும்பம். இதன் மூலக்கூறுச் சங்கிலி மிக மிக நீளம், அவ்வளவுதான். தண்ணீரை உள்ளே விடாது, சூடு காட்டினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் மசாலா வாசனையையும் அதனால் தடுத்து நிறுத்த முடியாது. சாதாரண பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த மிளகாய்த்தூளின் மணம் அலமாரி முழுக்க வீசுவது இதனால்தான்.

1935இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது நைலான். எலும்புத்துண்டு குத்தினாலும் எளிதில் கிழியாத உறுதி அதற்கு உண்டு. ஆனால் தண்ணீரை உறிஞ்சும். மூன்றாவது, ஜப்பானின் குராரே நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஈ.வி.ஓ.எச். என்னும் நெகிழி. ஆக்சிஜனைத் தடுப்பதில் இதற்கு இணையானவை மிகச் சில. சில மைக்ரோன் தடிப்பே போதும். ஆனால் ஈரம் பட்டால் அந்தத் தடுக்கும் சக்தி குறைந்துவிடும்.

ஆகவே இப்படி அடுக்குகிறோம்: நடுவில் ஈ.வி.ஓ.எச்., அதற்கு இரு பக்கமும் நைலான், அதற்கும் வெளியே இரு பக்கமும் பாலிஎத்திலின். பாலிஎத்திலின் ஈரத்தைத் தடுத்து நடுவில் இருப்பதைக் காக்கும். நடுவில் இருப்பது ஆக்சிஜனைத் தடுத்து உணவைக் காக்கும். இது ஐந்து அடுக்கு. மீதி இரண்டு அடுக்குதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஒட்டாத இரு வீட்டார்

உருகிய பாலிஎத்திலினையும் உருகிய நைலானையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினாலும், ஆறியதும் வாழை இலையிலிருந்து அல்வாவைப் பிரிப்பது போலப் பிரித்துவிடலாம். ஒன்று எண்ணெய்க் குணம், மற்றது தண்ணீர்க் குணம். அடுத்தடுத்து உட்காருமே தவிர உறவு கொண்டாடாது. நைலானும் ஈ.வி.ஓ.எச்.சும் அப்படியல்ல. இரண்டும் ஒரே குணம் என்பதால் அவை நேராகவே ஒட்டிக்கொள்ளும். சிக்கல் பாலிஎத்திலினோடுதான்.

இந்த இரு வீட்டாருக்கும் நடுவே சம்பந்தம் பேசி வைப்பதுதான் இணைப்பு அடுக்கு. தொழிற்சாலையில் 'டை லேயர்' என்போம். பிலிம் வெளியே வரும் இயந்திர வாயையும் 'டை' என்றே அழைப்பதால், புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரம் குழம்பிப் போவார்கள். இங்கே நான் இணைப்பு அடுக்கு என்றே சொல்கிறேன்.

இது தனியாகத் தடவும் பசை இல்லை. இதுவும் பாலிஎத்திலின் குருணைதான். ஆனால் அதன் சங்கிலியில் ஆங்காங்கே மாலிக் அன்ஹைட்ரைடு என்னும் வேதிப்பொருளைக் கொக்கி போல மாட்டியிருப்பார்கள். 100 கிராம் குருணையில் அந்தக் கொக்கிகளின் எடை பெரும்பாலும் ஒரு கிராமைக்கூடத் தொடாது. பாலிஎத்திலின் பக்கம், தன் குடும்பத்துச் சங்கிலிகளோடு தானும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். நைலான் பக்கம், கொக்கிகள் நைலான் சங்கிலியின் நுனியைப் பிடித்து வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்ளும். பிறந்த வீட்டையும் விடாமல், புகுந்த வீட்டிலும் வேர் விட்ட பெண்ணைப் போல.

இந்த உறவு அமைய மூன்று வேண்டும்: போதிய சூடு, போதிய நேரம், போதிய தடிப்பு. மூன்றில் எதைக் குறைத்தாலும் ஒட்டு பலவீனப்படும். நான் இரண்டைக் குறைத்தேன்.

குமிழி ஊதும் இயந்திரம்

எங்கள் கூடத்தில் நிற்கும் இயந்திரம் மூன்று மாடி உயரம். அடியில் ஏழு எக்ஸ்ட்ரூடர்கள், அடுக்குக்கு ஒன்று. சூடான உருளைக்குள் திருகு சுற்றச் சுற்ற, குருணை உருகி முன்னே தள்ளப்படும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சூடு. நைலான் 220 டிகிரியில்தான் உருகவே தொடங்கும். பாலிஎத்திலினுக்கு அதில் பாதிக்குச் சற்று மேலே போதும். ஈ.வி.ஓ.எச்.சை அதிக சூட்டில் நெடுநேரம் நிறுத்தி வைத்தால் கட்டிகட்டியாகிக் கெட்டுவிடும். நைலான் குருணை பையைத் திறந்து வைத்தால் ஈரம் உறிஞ்சி, பிலிமில் குமிழ் குமிழாய்க் காட்டிக்கொடுக்கும். நம் ஊர் வெயிலும் மழையும் கலந்த காற்றில் இது அன்றாடத் தலைவலி.

ஏழு உருகல்களும் வட்டமான வாயில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, குழாய் போல மேலே எழும். உள்ளே காற்று ஊதியதும் பெரிய குமிழியாக விரியும். வெளியிலிருந்து வீசும் குளிர்காற்றில் சற்று உயரத்துக்குள் இறுகிவிடும். உச்சியில் உருளைகள் அதைத் தட்டையாக அழுத்திச் சுருட்டும். அடுக்குகள் உருகிய நிலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது சில வினாடிகள் மட்டுமே. அந்தச் சில வினாடிக்குள் கொக்கிகள் நைலானைப் பிடித்தாக வேண்டும்.

அந்த இயந்திரத்தை ஓட்டுபவர், தோட்டப்புறத்திலிருந்து வந்து இருபது ஆண்டுக்கு மேல் இதே வேலையில் இருக்கும் ஓர் அண்ணன். நான் பல்கலைக்கழகத்தில் பாலிமர் படித்துவிட்டு வந்தவன். சமன்பாடு எனக்குத் தெரியும். குமிழியின் ஓரம் இலேசாக நடுங்கினாலே எந்த எக்ஸ்ட்ரூடரில் கோளாறு என்று அவருக்குத் தெரியும்.

நான் செய்த மாற்றம்

அந்த ஆண்டு செலவைக் குறைக்கச் சொல்லி எல்லாப் பிரிவுக்கும் உத்தரவு வந்திருந்தது. இணைப்புக் குருணை, சாதாரண பாலிஎத்திலினைவிட விலை கூடியது. பட்டியலில் என் கண் முதலில் அதன்மேல்தான் விழுந்தது. பக்கத்துக்கு 6 மைக்ரோனாக இருந்த இணைப்பு அடுக்கை 4 மைக்ரோனாக்கினேன். குறைந்த தடிப்பைச் சாதாரண பாலிஎத்திலினால் ஈடுகட்டினேன். ஒரு மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் பிலிம் எடுக்கலாமே என்று வேகத்தையும் கூட்டினேன்.

முதல் சுருள் இறங்கியதும் அந்த அண்ணன் ஓரத்தைக் கத்தரித்து, நகத்தால் கீறிப் பார்த்தார்.

"தம்பி, இது சரியா படல. முன்னாடி நகம் வெச்சா நகம்தான் வலிக்கும். இப்ப ஓரம் எழும்புது."

சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். பிலிமை 15 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, இரண்டு அடுக்கையும் இரு பிடிகளில் மாட்டி, எதிரெதிராக இழுத்து, பிரிப்பதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று இயந்திரம் அளக்கும். எண் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆனால் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. தாளை அண்ணனிடம் காட்டினேன். "பாஸ் அண்ணே" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. குமிழியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அந்தச் சோதனையில் நான் இழுத்தது காய்ந்த பிலிமை. குளிரூட்டிய அறையில், எதையும் நிரப்பாத பிலிமை. அந்த அக்காவின் பை படும் பாடு வேறு. வெந்நீரில் நைலான் ஈரம் குடித்து ஊறும். சூட்டில் இணைப்பு அடுக்கு இளகும். கிராம்பு, பட்டை, மிளகாயின் எண்ணெய்கள் உள்பக்கப் பாலிஎத்திலினுக்குள் மெல்ல ஊடுருவி ஒட்டு இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். ஏற்கெனவே மெலிந்திருந்த ஒட்டுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்த பைகளைக் கழுவி, அதே சோதனையைச் செய்தேன். விசையை அளக்கும் தேவையே வரவில்லை. பிடியில் மாட்டும்போதே பிரிந்துவிட்டது. பழைய 6 மைக்ரோன் சுருளில் மிச்சமிருந்த துண்டில் அதே பேஸ்டை நிரப்பி, அதே வெந்நீரில் போட்டு எடுத்தேன். பிரியவில்லை. எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அன்று மாலை ஒரு கணக்குப் போட்டேன். பத்துக் கிராம் எடையுள்ள பையில் 4 மைக்ரோன் என்பது ஏறக்குறைய அரைக் கிராம் குருணைகூட இல்லை. ஒரு பையில் நான் மிச்சப்படுத்தியது ஒரு சென்னுக்கும் குறைவு. 600 பைக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேளை நாசி லெமாக்கும் இரண்டு பேருக்குத் தேநீரும் வாங்கும் காசு.

நிறுவனம் பைகளை மாற்றிக் கொடுத்தது. பைக்குத்தான் உத்தரவாதம், பேஸ்டுக்கு இல்லை. அந்த அக்கா வாங்கிய மிளகாய், எண்ணெய், வெங்காயம், அவரும் இரண்டு உதவியாளர்களும் கண்விழித்த இரவுகள் எதுவும் எங்கள் புகார்ப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. முன்பணம் கொடுத்தவர்களுக்கு அவர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் அமைதியாக இருந்தார். "மாத்தினது தப்பில்ல தம்பி. மாத்தினேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பத்துப் பையில போட்டுப் பார்த்திருப்பேன்" என்றார்.

ஒட்டினால் மட்டும் போதாது

ஒட்டு உறுதியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதே உறுதி இன்னோர் இடத்தில் தொல்லை. பையைத் தூக்கி எறிந்த பிறகு, ஏழு அடுக்கையும் பிரித்தெடுப்பது எளிதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினால் பாலிஎத்திலினும் நைலானும் மறுபடி எண்ணெயும் தண்ணீரும்தான்; கிடைக்கும் நெகிழி வலுவில்லாமல் நொறுங்கும். அதனால் மறுசுழற்சிக்காரர்கள் இத்தகைய பைகளை விரும்பி எடுப்பதில்லை.

எடுக்காத நெகிழி எங்கே போகும் என்பது சிலாங்கூர்காரர்களுக்கு மறந்திருக்காது. 2018இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதிக்குக் கதவை மூடியபோது, உலகத்துக் குப்பை நம் நாட்டுப் பக்கம் திரும்பியது. கோலா லங்காட் மாவட்டத்தில் ஜெஞ்சாரோம் பகுதி மக்கள் எரியும் நெகிழியின் புகையோடு பல மாதங்கள் போராடினார்கள். உருப்படியாக விற்க முடியாத நெகிழிதான் அங்கே குவியலாகவும் புகையாகவும் முடிந்தது.

ஆகவே இப்போது தொழிலின் போக்கு மாறி வருகிறது. நைலானை விட்டுவிட்டு, பெரும்பகுதி பாலிஎத்திலினாகவே வைத்து, நடுவில் மெல்லிய ஈ.வி.ஓ.எச். மட்டும் சேர்க்கப் பார்க்கிறோம். மறுசுழற்சிக்கு ஏற்ற பை என்றால் ஈ.வி.ஓ.எச். மொத்த எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய வடிவமைப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. அத்தகைய பையை உருக்கும்போது, அதே இணைப்பு அடுக்கு மறுபடி கைகொடுக்கிறது. அதன் கொக்கிகள் ஈ.வி.ஓ.எச்.சைப் பிடித்து, நுண்துளிகளாகப் பாலிஎத்திலினுக்குள் சீராகப் பரப்பிவிடுகின்றன. பையாக இருந்தபோது சேர்த்து வைத்தது, உருகிய பிறகும் சேர்த்து வைக்கிறது. ஆனால் அதற்கும் போதிய அளவு இணைப்புக் குருணை இருக்க வேண்டும். அங்கேயும் கஞ்சத்தனம் உதவாது.

பை வாங்கும் முன் கேளுங்கள்

வீட்டிலிருந்தே ஊறுகாய், மசாலா, பேஸ்ட் என்று விற்கத் தொடங்கும் நம் குடும்பங்கள் பெருகி வருகின்றன. அவர்களுக்காக, அந்த அக்காவிடமிருந்து நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் உணவில் எண்ணெய் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, நிரப்பும்போது சூடு எவ்வளவு, நிரப்பிய பின் வெந்நீரில் போடுவீர்களா, உறைய வைப்பீர்களா என்பதைப் பை விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "உணவுக்கான பை" என்ற ஒரு சொல் போதாது. உலர்ந்த மிளகாய்த்தூளுக்குப் பொருந்தும் பை, எண்ணெய் மிதக்கும் பேஸ்டுக்குத் தாங்காமல் போகலாம்.

மொத்தத் தடிப்போடு நின்றுவிடாமல், எந்தெந்த அடுக்கு இருக்கிறது என்றும் கேளுங்கள். நம் நாட்டின் 1985 உணவு விதிமுறைகளில் உணவுப் பொட்டலங்களுக்கென்றே விதிகள் உள்ளன. அவற்றுக்கு ஏற்றது என்ற சான்றுக் கடிதம் தரச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் தயங்க மாட்டார்.

புதிய பெட்டி வந்ததும், முழு உற்பத்திக்கு முன் பத்துப் பையில் உங்கள் உணவையே நிரப்பி, வழக்கம்போல வெந்நீரில் போட்டு, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பிறகு கழுவி, ஓரத்தைக் கத்தரித்து, வெட்டிய விளிம்பின் இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, எதிரெதிராக இழுங்கள். தோலாக உரிந்தால் அந்தப் பை வேண்டாம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட சுருள் எண்ணை எழுதி வையுங்கள். பிரச்சினை வந்தால், எந்த நாள், எந்த இயந்திரம், எந்தக் குருணை என்று தேடிப் பிடிக்க அந்த எண் ஒன்றே வழி. கடைசியாக, பையின் கட்டமைப்பில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி வாங்கினாலும் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் கூடத்தில் நானும் சிலவற்றை மாற்றினேன். இணைப்பு அடுக்கு பழையபடி 6 மைக்ரோன். காய்ந்த சோதனையோடு, எண்ணெய் நிரப்பி வெந்நீரில் போட்டெடுத்த சோதனையும் கட்டாயம். மாற்றப் படிவத்தில் இரண்டு வரி கூடியிருக்கிறது: 'வாடிக்கையாளரிடம் சொன்னாயிற்றா?' 'இயந்திரம் ஓட்டுபவர் என்ன சொன்னார்?' இரண்டாவது வரியை நிரப்பாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த அண்ணன் அதில் அதிகம் எழுத மாட்டார். பெரும்பாலும் "ஓகே" என்றுதான் இருக்கும். அது "ஓகே" இல்லாத நாளில் இயந்திரத்தை நிறுத்துகிறோம்.

அந்த அக்கா மறு ஆண்டும் எங்கள் பையைத்தான் வாங்கினார். ஆனால் இப்போது பெட்டியைப் பிரித்ததும் ஒரு பையை எடுத்து, மூலையைக் கத்தரித்து, நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிறார். நான் பக்கத்தில் நின்றாலும் கீறுகிறார். நானும் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கிறேன்.